மரை ஏறினால் மட்டும் போதுமா?

டிராக்டருக்கும் லாரிக்கும் சரியான ஆயில் ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கோச்சடை முதல் மேலூர் வரை, வண்டியை நம்பிப் பிழைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

பெரியார் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் மதுரை மாவட்டத்து டிராக்டர்களுக்கு ஓய்வு கிடையாது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனம் மட்டும் 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர். திறந்த தண்ணீர் கண்ணில் பட்ட சில வாரங்களுக்குள் அந்தந்தப் பகுதி வயலுக்கெல்லாம் தொளி அடித்தாக வேண்டும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் விடியலில் வயலில் இறங்கினால் இருட்டிய பிறகுதான் கரையேறும். உழவு முடிந்தால் டிராலி மாட்டி, கோச்சடை வழியே சோழவந்தான் போகும் மேலக்கால் சாலையில் சுமை இழுக்கும்.

அந்த அவசரத்தின் நடுவில்தான் ஆயில் மாற்றும் கெடுவும் வந்து நிற்கும். ஒரு நாள் நிறுத்தினால் ஒரு நாள் வாடகை போய்விடும். பழைய ஃபில்டரைக் கையில் கொடுத்து ஆள் அனுப்புவார்கள். ‘இதே மாதிரி ஒண்ணு கொடுங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உயரமும் வாயகலமும் ஒத்துப்போகிற ஒன்று கவுன்டருக்கு வரும். மரை ஏறுகிறது, ஆயில் கசியவில்லை என்றால் வேலை முடிந்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள்.

அங்கேதான் பல இன்ஜின்களின் ஆயுள் குறையத் தொடங்குகிறது. மரை பொருந்துவதும் ஃபில்டர் பொருந்துவதும் ஒன்றல்ல. வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டப்பாக்களுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கலாம். சில நூறு ரூபாய் ஃபில்டரில் செய்யும் தவறுக்குப் பிறகு கிராங்க், மெட்டல், லைனர் என்று பல பத்தாயிரங்களைக் கொட்ட வேண்டியிருக்கிறது. கடன் தவணையில் வண்டி ஓட்டும் குடும்பத்துக்கு அது ஒரு போகத்து வருமானம்.

மோட்டார் தொழிலில் ஊறிய ஊர்

மதுரைக்கு இந்த அறிவு புதிதல்ல. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம் மதுரை மேல வெளி வீதியில் வேரூன்றி, பஸ் போக்குவரத்தையும் உதிரிபாக வணிகத்தையும் பராமரிப்புப் பட்டறைகளையும் இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தது. டி.வி.எஸ். பஸ் வருவதை வைத்து ஊரில் கடிகாரத்தைத் திருத்தினார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த நேரம் தவறாமைக்குப் பின்னால் இருந்தது, வண்டி கெட்டுப்போகும் முன்பே பார்க்கிற பராமரிப்பு. 1972-ல் அந்த வழித்தடங்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பஸ்கள் கரி கேஸில் ஓடின. அதற்கான கேஸ் பிளான்ட்டுகளை டி.வி.எஸ். தயாரித்தது. கரியிலிருந்து வரும் கேஸில் சாம்பலும் தாரும் கலந்திருக்கும். அதை வடிகட்டாமல் உள்ளே விட்டால் இன்ஜின் தாங்காது. வடிகட்டுவதன் அருமையை மதுரை வண்டிக்காரர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

இன்று கோச்சடையில் மேலக்கால் சாலையிலேயே ஃபென்னரின் வி-பெல்ட் ஆலை இருக்கிறது. 1960-ல் தொடங்கிய டஃபே நிறுவனத்தின் டிராக்டர் ஆலைகளில் ஒன்று மதுரை - திண்டுக்கல் வட்டாரத்தில் கல்லடிப்பட்டியில் இயங்குகிறது. வண்டியின் பாகங்களைச் செய்யத் தெரிந்த இந்த மண்ணில், ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் அதே கவனத்தோடு நடக்க வேண்டும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

தொடக்க கால மோட்டார் இன்ஜின்களில் ஆயில் ஃபில்டரே கிடையாது. கம்பிவலை ஒன்றுதான் இருந்தது. 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் ‘பியூரோலேட்டர்’ ஃபில்டரை உருவாக்கிய பிறகே ஆயிலை வடிகட்டுவது வழக்கத்துக்கு வந்தது. அந்தக் கால ஃபில்டர் வழியாக ஆயிலின் ஒரு பகுதிதான் போகும், மீதி நேராக இன்ஜினுக்குப் போய்விடும். இப்போதைய இன்ஜின்களில் பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும் முதலில் ஃபில்டருக்குள் போய், பிறகுதான் கிராங்க் மெட்டலுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் டர்போவுக்கும் பிரிகிறது.

சாதாரண டிராக்டரின் சேம்பரில் ஆறேழு லிட்டர் ஆயில் இருக்கும். ஒரு மணி நேர உழவில் அது நூற்றுக்கணக்கான முறை ஃபில்டரைக் கடந்து வருகிறது. சுற்றிலும் உள்ள சிறு துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, மடிப்பு மடிப்பான பேப்பரை ஊடுருவி, நடுக்குழாய் வழியாகச் சுத்தமாக வெளியேறும். அந்தப் பேப்பர் சாதாரணக் காகிதமல்ல. மரநார்க் கூழில் செய்து, சூட்டையும் ஆயிலையும் தாங்க ரெசின் ஊட்டப்பட்டது. விலை கூடிய ரகங்களில் கண்ணாடி நார் கலந்திருக்கும்.

பேப்பரின் இரு முனைகளையும் மூடும் தகடு, நடுவே துளையிட்ட இரும்புக் குழாய், பேப்பரை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங், பைபாஸ் வால்வு, ஆயில் திரும்பி வழியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு, வாயில் உட்காரும் கேஸ்கட் ஆகியவை மற்ற உறுப்புகள். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் கை வைப்பதும் இவற்றில்தான். மடிப்புகளைக் குறைப்பார்கள், நடுக்குழாயை மெல்லிய தகட்டில் செய்வார்கள், ரப்பரில் மட்டரகத்தைப் போடுவார்கள். வெளியே அடித்த பெயின்ட் மட்டும் பளபளக்கும்.

மரை செய்யும் மோசம்

டப்பா வகை ஃபில்டர்களில் அடிக்கடி குழப்பும் மரை அளவுகள் இரண்டு. ஒன்று, எம் 20 × 1.5: விட்டம் 20 மில்லிமீட்டர். மற்றொன்று, முக்கால் அங்குல 16 மரை: விட்டம் 19.05 மில்லிமீட்டர். மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி முன்னதில் 1.5 மில்லிமீட்டர், பின்னதில் ஏறக்குறைய 1.59 மில்லிமீட்டர். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

முக்கால் அங்குல ஸ்டட்டில் எம் 20 ஃபில்டரை ஏற்றினால் அது லேசாகச் சுற்றி ஏறிவிடும். கேஸ்கட்டும் அமர்ந்த மாதிரி இருக்கும். ஆனால், மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கும். குளிர்ந்த காலை நேரத்தில் இன்ஜினைக் கிளப்பும்போது, கெட்டியான ஆயிலைத் தள்ளுவதற்குப் பிரஷர் எகிறும். பிடிமானம் இல்லாத ஃபில்டர் அப்போது நழுவலாம். நழுவினால் சேம்பர் முழுதும் தரையில். ஓட்டுபவர் மீட்டரைக் கவனிக்கும் முன்பே மெட்டல் உருகி, இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

கேஸ்கட்டின் விட்டமும் முக்கியம். அது உட்கார வேண்டிய பரப்பின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்தால், இன்று கசியாதது பத்து நாள் அதிர்வுக்குப் பிறகு கசியும். ஆகவே, அளவு என்றால் உயரம் மட்டுமல்ல. மரையின் விட்டம், மரை இடைவெளி, கேஸ்கட் விட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில பழைய டிராக்டர் மாடல்களில் டப்பா இல்லாமல் கிண்ணத்துக்குள் பேப்பர் எலிமென்ட் போடும் அமைப்பு உண்டு. அங்கே எலிமென்ட்டின் உயரம் சற்றுக் குறைந்தாலும், மேல் கீழ் வாஷர்களில் ஒன்று விடுபட்டாலும், ஆயில் பேப்பருக்குள் போகாமல் ஓரமாகவே போய்விடும். ஃபில்டர் இருந்தும் இல்லாத நிலை அது.

இன்ஜினுக்கு ஒரு கலிங்கு

கண்மாய் நிரம்பினால் கரை உடையாமல் காப்பது கலிங்கு. ஃபில்டருக்குள் இருக்கும் பைபாஸ் வால்வும் அந்த வேலையைத்தான் செய்கிறது. பேப்பர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, ஃபில்டரின் இரு பக்கங்களுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் கூடும். குறித்த அளவைத் தாண்டியதும் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை நேராக இன்ஜினுக்கு அனுப்பும். ஆயிலே வராமல் இன்ஜின் எரிந்துபோவதைவிட, கொஞ்ச நேரம் அழுக்கு ஆயில் வருவது மேல் என்ற கணக்கு.

அந்த அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். தேவையானதைவிடக் குறைந்த அழுத்தத்தில் திறக்கும் வால்வு என்றால், பாதி நேரம் அழுக்கு ஆயில்தான் ஓடும். மிகத் தாமதமாகத் திறந்தால் பேப்பர் கிழியும், அல்லது மெட்டலுக்கு ஆயில் பஞ்சமாகும். இன்னொரு சிக்கலும் உண்டு. சில இன்ஜின்களில் இந்த வால்வு ஃபில்டர் ஹெட்டிலேயே அமைந்திருக்கும். அதற்கான ஃபில்டரில் வால்வு இருக்காது. அந்த ஃபில்டரை, வால்வு தேவைப்படும் வேறொரு இன்ஜினில் மாட்டினால், பேப்பர் அடைத்த அன்று காப்பாற்ற ஒன்றுமே இல்லை. மரை ஏறுவதை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை.

ஆயில் திரும்பாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் அப்படித்தான். படுக்கை வாக்கில் பொருத்தப்படும் ஃபில்டரில் அது சரியில்லை என்றால், இரவு நிறுத்திய பிறகு உள்ளே இருந்த ஆயில் சேம்பருக்கு வடிந்துவிடும். மறுநாள் காலை முதல் சில நொடிகள் இன்ஜின் ஆயில் இல்லாமல் சுற்றும். ஆயில் லைட் அணையத் தாமதமாவதும், கிளப்பியவுடன் தடதடவென்று சத்தம் வருவதும் அதன் அடையாளங்கள். டர்போ உள்ள வண்டியில் இது இன்னும் ஆபத்து. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தொடும் டர்போ ஷாஃப்ட், ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது.

இந்த வால்வின் உயிர் ரப்பரில் இருக்கிறது. நைட்ரைல் ரப்பர் நல்ல பொருள்தான். ஆனால், நீண்ட நாள் கடும் சூட்டில் விறைத்துப்போகும். சிலிகான் ரப்பர் கூடுதல் சூட்டைத் தாங்கும். அதிகச் சூட்டில் ஓடும் வண்டிக்கும், ஆயில் மாற்றும் இடைவெளி நீளமாக உள்ள வண்டிக்கும் எந்த ரப்பர் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குவது நல்லது.

‘10 மைக்ரான்’ என்றால் என்ன?

பெட்டியில் ‘10 மைக்ரான்’ என்று அச்சடித்திருப்பார்கள். அந்த எண் மட்டும் எதையும் சொல்லாது. பத்து மைக்ரான் தூசியில் பாதியைப் பிடித்தாலும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைப் பிடித்தாலும் போட்டுக்கொள்ளலாம். எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதை அளக்க ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சர்வதேசச் சோதனை முறை இருக்கிறது. அதில் ‘பீட்டா’ என்று ஒரு விகிதம் வரும். 20 மைக்ரானுக்கு பீட்டா 2 என்றால், அந்த அளவும் அதற்கு மேலும் உள்ள துகள்களில் இரண்டில் ஒன்று தப்பிவிடும். பீட்டா 75 என்றால் 75-ல் ஒன்றுதான் தப்பும், அதாவது 98.7 சதவீதம் பிடிபடும். நல்ல தயாரிப்பாளர்களின் கேட்லாக்கில் இந்த விவரம் கிடைக்கும்.

மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கிராங்குக்கும் மெட்டலுக்கும் நடுவே ஓடும் ஆயில் படலம் சில மைக்ரான் அளவுக்கும் இறங்கும். அந்தப் படலத்தைவிடச் சற்றுப் பெரிய, கண்ணுக்குத் தெரியாத துகள்தான் மெட்டலை அரைக்கிறது.

அதற்காக, மிக நுண்ணிய பேப்பர்தான் நல்லது என்ற முடிவுக்கும் வரக் கூடாது. போதிய பரப்பில்லாமல் பேப்பரை மட்டும் நுண்ணியதாக்கினால் சீக்கிரம் அடைக்கும், பைபாஸ் திறக்கும், அழுக்கு முழுவதும் உள்ளே போகும். தூசியைப் பிடிக்கும் திறன், ஆயிலை விடும் வேகம், அழுக்கைச் சுமக்கும் கொள்ளளவு மூன்றும் அந்த இன்ஜினுக்கு ஏற்றபடி சமநிலையில் இருக்க வேண்டும். இன்ஜின் தயாரிப்பாளர் சொல்லும் நம்பருக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

டீசல் கரிப்புகை நுண்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. சாதாரண ஃபில்டர் அதைப் பிடிக்காது. அதைக் கட்டிப்போகாமல் மிதக்கவைப்பது ஆயிலில் கலந்துள்ள ரசாயனத்தின் வேலை. அந்தச் சக்தி தீர்ந்துபோன ஆயிலை எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது. ஃபில்டரை மட்டும் மாற்றி ஆயிலை விட்டுவைப்பதும், ஆயிலை மாற்றிப் பழைய ஃபில்டரை விட்டுவைப்பதும் இரண்டுமே நஷ்டம்.

சேறும் கல்தூசியும்

மதுரையைச் சுற்றிய மண்ணுக்கு ஏற்பத் தேர்வும் மாற வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் காய்ந்த காட்டில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது டிராக்டரைச் சுற்றிப் புழுதி மேகமே எழும். மேலூர் பக்கத்துக் குவாரிகளில் ஓடும் டிப்பருக்குக் கிரானைட் தூசி. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. சாதாரண இரும்பைவிடக் கடினம். இந்தத் தூசி பெரும்பாலும் இன்ஜினுக்குள் நுழைவது காற்று வழியாக. ஏர் கிளீனரில் ஆயில் குறைந்திருந்தாலோ, ஹோஸ் பைப்பின் கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, உள்ளே போன தூசி ரிங்கையும் லைனரையும் தேய்த்துக்கொண்டு ஆயிலில் இறங்கும். ஆயில் ஃபில்டர் அந்தப் போரின் கடைசிக் காவல். முன்வாசலான ஏர் கிளீனரைத் திறந்துபோட்டுவிட்டு, விலை கூடிய ஆயில் ஃபில்டர் மாட்டுவதில் பயனில்லை.

தொளி உழவில் வேறு சிக்கல். சேற்றில் மணிக்கணக்கில் முழு பாரத்தில் ஓடும் இன்ஜினில் ஆயில் சூடு குறையாது. டிப்ஸ்டிக் குழாய் வழியாகவோ பிரீதர் வழியாகவோ தண்ணீர் புகுந்தால் ஆயில் பால் நிறமாகும். ஈரம் ஏறிய பேப்பர் உப்பி, மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஃபில்டரின் கெடு முடியக் காத்திருக்காமல், தண்ணீர் புகுந்த வழியை அடைத்துவிட்டு ஆயிலோடு சேர்த்து உடனே மாற்ற வேண்டும்.

டிராக்டருக்குக் கணக்கு மணி நேரம். பல மாடல்களில் புது வண்டிக்கு முதல் சர்வீஸ் 50 மணி நேரத்திலும், பிறகு 250 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில், ஃபில்டர் மாற்றச் சொல்வார்கள். புதிய மாடல்களில் இடைவெளி நீளும். கையேட்டில் உள்ளதே இறுதி. புழுதிக் காட்டிலும் தொளியிலும் அதிகம் ஓடும் வண்டிக்கு முன்கூட்டியே மாற்றுவது நல்லது. ஹவர் மீட்டர் வேலை செய்யாத வண்டிகளை நிறையவே பார்க்கிறோம். அதைச் சரிசெய்வதுதான் முதல் பராமரிப்பு. முடியாவிட்டால், வாடகைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஓடிய மணி நேரத்தையும் எழுதி வையுங்கள்.

லாரிக்குக் கணக்கு வேறு

கனரக லாரியின் சேம்பர் இருபது லிட்டருக்கும் மேல் ஆயில் கொள்ளும். அதற்கேற்பப் பெரிய ஃபில்டர். சில இன்ஜின்களில் முழு ஆயிலையும் வடிக்கும் ஃபில்டரோடு, ஒரு பகுதியை மட்டும் எடுத்து மிக நுண்ணியதாக வடிக்கும் பைபாஸ் ஃபில்டரும் இருக்கும். இன்னும் சிலவற்றில் ஆயில் அழுத்தத்தாலேயே சுழன்று அழுக்கை விளிம்பில் ஒதுக்கும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்டர் உண்டு. முதல் ஃபில்டரை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சென்ட்ரிஃபியூகலைத் திறந்து, படிந்த கரியைச் சுரண்டி எடுத்தால்தான் அது மறுபடி சுழலும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.-6 லாரிகளில் ஆயில் மாற்றும் இடைவெளி மிக நீளம். அந்த இடைவெளியைத் தாங்கும் கொள்ளளவோடு வடிவமைத்த ஃபில்டரைத்தான் போட வேண்டும். பழைய வண்டிக்கான மலிவு ஃபில்டரை இதில் மாட்டி அதே கிலோமீட்டர் ஓட்டினால், வழியிலேயே பேப்பர் அடைத்துப் பைபாஸில் ஓடிக்கொண்டிருக்கும். அதேபோல, குவாரியிலும் கட்டுமான இடத்திலும் நின்றபடியே இன்ஜின் ஓடும் டிப்பர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். ஓடாத சக்கரத்துக்கு மீட்டர் ஏறாது, ஆனால் ஆயில் கெட்டுக்கொண்டே இருக்கும். அவற்றுக்கும் மணி நேரக் கணக்கே சரி.

டூப்ளிகேட்டை எப்படித் தடுப்பது?

வண்டி கம்பெனியின் பெயர் போட்ட ஃபில்டர்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பியூரோலேட்டர், ஃப்ளீட்கார்ட், எலோஃபிக் போன்ற ஃபில்டர் தயாரிப்பாளர்கள் சந்தையிலும் விற்கிறார்கள். அவர்களது கேட்லாக்கில் உங்கள் இன்ஜினுக்கு நேராக இருக்கும் நம்பரை வாங்கலாம். வாரன்டி காலத்தில் மட்டும் நிபந்தனைகளைப் படித்து முடிவெடுங்கள். அஞ்ச வேண்டியது, நல்ல பெயரைத் திருடி ஒட்டிய டூப்ளிகேட்டுக்குத்தான். எழுத்து மங்கிய அச்சு, தேதியும் பேட்ச் நம்பரும் இல்லாத டப்பா, பெட்டியில் ஒரு நம்பரும் டப்பாவில் வேறு நம்பருமாக இருப்பது, பிசிறடித்த மரை, விறைத்த கேஸ்கட் எல்லாம் எச்சரிக்கைகள்.

பொய்யான வணிக முத்திரையிடுவதும், அப்படிப்பட்ட பொருளை விற்பதும் 1999-ம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் போலிப் பொருளுக்குத் தண்டனை இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால், பில் இல்லாமல் வாங்கிய பொருளுக்கு வாதாடுவது கடினம். சிறு தொகையை மிச்சப்படுத்த பில்லை விட்டுக்கொடுப்பவர், இன்ஜின் போனால் இழப்பீடு கேட்கும் வழியையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார்.

கடைக்குப் போகுமுன்...

- வண்டியின் மாடல் பெயர் போதாது. இன்ஜின் நம்பர், தயாரித்த ஆண்டு, கையேட்டில் உள்ள ஃபில்டர் பார்ட் நம்பர் மூன்றையும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.
- பழைய ஃபில்டரை மட்டும் மாதிரியாக நம்பாதீர்கள். போன முறையே தவறானதைப் போட்டிருக்கலாம்.
- தண்ணீர் திறப்புக்கு முன்பே, அவசரமில்லாத நேரத்தில், ஒரு ஃபில்டரைக் கூடுதலாக வாங்கி, பெட்டி பிரிக்காமல் வையுங்கள்.
- மாட்டும்போது பழைய கேஸ்கட் ஹெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கேஸ்கட் சேர்ந்தால் கசிவு நிச்சயம்.
- புது கேஸ்கட்டில் சுத்தமான ஆயிலைத் தடவி, கையால் சுற்றுங்கள். கேஸ்கட் தொட்ட பிறகு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும். பெரும்பாலும் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள்.
- முன்கூட்டியே ஆயில் நிரப்பச் சொல்லும் இன்ஜினானால் ஓரத்துத் துளைகள் வழியாக நிரப்புங்கள். நடுத்துளையில் ஊற்றும் ஆயில் வடிகட்டாமலே மெட்டலுக்குப் போகும்.
- கழற்றிய ஃபில்டரை அறுத்து, பேப்பரை விரித்துப் பாருங்கள். செம்பு நிற மினுக்கு இருந்தால் மெட்டல் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் பொடி என்றால் இரும்புப் பாகம் தேய்கிறது. சத்தம் வருவதற்கு முன்பே இன்ஜின் சொல்லும் செய்தி இது.
- வடித்த ஆயிலை வாய்க்காலிலோ வைகைக் கரையிலோ கொட்டாதீர்கள். டின்னில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் கொடுங்கள்.

யார் பொறுப்பு?

வாங்குபவரின் விழிப்புணர்வு பற்றி மட்டுமே பேசி முடித்துக்கொள்வது நியாயமில்லை. வைகைப் பாசனத்தில் வாடகை டிராக்டர் ஓட்டுபவருக்கும், இரவெல்லாம் நெடுஞ்சாலையில் விழித்திருக்கும் லாரி டிரைவருக்கும் பீட்டா விகிதம் படிக்க நேரமில்லை. ஃபில்டர் தயாரிப்பாளர்கள் மரை அளவு, பைபாஸ் திறக்கும் அழுத்தம், திரும்பாத வால்வு உண்டா இல்லையா, சோதனை முறைப்படி எத்தனை மைக்ரானில் எத்தனை சதவீதம் என்ற நான்கு விவரங்களையும் டப்பாவின் மேலேயே தமிழில் அச்சிட வேண்டும். தமிழ்நாட்டில் இவ்வளவு டிராக்டரும் லாரியும் விற்பவர்களுக்கு அது பெரிய செலவல்ல. கவுன்டரில் நிற்பவர் ‘எந்த இன்ஜின்?’ என்று கேட்காமல் ஃபில்டரை எடுத்துக்கொடுக்கக் கூடாது. டிராக்டர் உரிமையாளர் சங்கங்களும் லாரி உரிமையாளர் சங்கங்களும் தங்கள் உறுப்பினர்களின் வண்டிகளுக்கான சரியான பார்ட் நம்பர்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொரு பட்டறையிலும் ஒட்டலாம். ஒரு பக்கக் காகிதம்தான்.

பட்டியல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியின் இன்ஜின் நம்பரையும் ஃபில்டர் நம்பரையும் இன்றே எழுதி, டிரைவரிடம் ஒரு பிரதியும் மெக்கானிக்கிடம் ஒரு பிரதியும் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை கடையில் ‘இதே மாதிரி’ என்று கேட்காமல், அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். அந்த நம்பர் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஒரு மணி நேரம் வீணாகலாம், இன்ஜின் வீணாகாது.